கள்ளி தேடி மலை ஏறுகிறவர்களுக்கு

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்குக் காக்டஸ் தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். நாகமலைச் சரிவிலும் கீழக்குயில்குடி சமணர் மலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர்களைப் பார்க்கிறேன். முதுகில் ஒரு பை, கையில் செல்போன், பையின் பக்கவாட்டு உறையில் ஒரு களைக்கொத்தி. பையைப் பற்றியும் செல்போனைப் பற்றியும் எனக்குப் பெரிய புகார் இல்லை. நான் சண்டை போடப்போவது அந்தக் களைக்கொத்தியோடு.

எழுபதைத் தாண்டியவன் இளைஞர்களைத் திட்டுவது உலக வழக்கம்தானே என்று இங்கேயே படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். மலை ஏறட்டும். இன்னும் பல பேர் ஏறட்டும். விடுமுறை நாளில் டி.வி. முன்னால் சாய்ந்து கிடப்பதைவிட, வெயிலில் ஒரு கரட்டில் ஏறிப் பாறை இடுக்கில் ஒரு செடியைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல். என் வாதம் சின்னது. தேடுங்கள், பாருங்கள், பிடுங்காதீர்கள். பிடுங்காமல் இருந்தால் மட்டும் போதாது என்பதால், முடிவில் உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம்.

நம் மலைகளுக்குச் சொந்தமான காக்டஸ் எதுவும் கிடையாது. காக்டஸ் என்ற குடும்பம் அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. அங்கே ஏறக்குறைய 1,500 வகைகள் உண்டு. அந்தக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளர்வது ஒரே ஒரு வகை, ரிப்சாலிஸ் என்று பெயர். ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்து இலங்கையிலும் மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு நூல் நூலாகத் தொங்கும். காட்டிக் கொடுத்தாலும் அதைக் காக்டஸ் என்று நம்ப மாட்டீர்கள்.

நம் மலைகளில் நிற்பது கள்ளி. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி என்று அதில் பல உண்டு. இவை எல்லாம் ஆமணக்குக் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். காக்டஸின் முள், பஞ்சு போன்ற ஒரு சின்ன மெத்தையிலிருந்து கொத்தாகக் கிளம்பும். சதுரக்கள்ளியின் முள் தண்டின் விளிம்பில் இரண்டிரண்டாக ஜோடி போட்டு நிற்கும். இந்த இரண்டு அடையாளங்களை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

இன்னொன்று கள்ளிமுளையான். பெயரில் கள்ளி இருந்தாலும் அது எருக்குக் குடும்பம். விரல் தடிமனில், நாலு பட்டையாக, பாறை ஓரத்தில் புல்லோடு புல்லாக மறைந்து நிற்கும். மழை பெய்த பிறகு பூக்கும்போதுதான் அது அங்கே இருப்பதே தெரியும். தேனீயை நம்பாமல் ஈயை வரவழைத்துக் காரியம் முடித்துக்கொள்ளும் செடி. காய் வெடித்தால் எருக்கம் விதை போலவே பஞ்சைக் கட்டிக்கொண்டு காற்றில் பறக்கும்.

மெக்சிகோக் காக்டஸுக்கும் மேலூர்க் கள்ளிக்கும் உறவு இல்லை. ஆனாலும் முகஜாடை ஒன்றாக இருக்கிறது. காரணம் வறட்சி. தண்ணீர் இல்லாத ஊரில் பிழைக்க வேண்டுமானால் இலையைக் குறைக்க வேண்டும், தண்டில் நீரைச் சேர்க்க வேண்டும், ஆடு மாடு வாய் வைக்காமல் காத்துக்கொள்ள வேண்டும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்க வேண்டும். இரண்டு குடும்பங்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே அதே முடிவுக்கு வந்திருக்கின்றன. அதாவது அந்த உருவத்தைச் செதுக்கியது அது நிற்கும் இடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பிரெஞ்சு மொழியில் பள்ளிப்படிப்பு படித்தவன். பிரெஞ்சில் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘பிளாந்த் கிராஸ்’ என்று ஒரே பெயர். கொழுத்த செடி என்று பொருள். பால்கனிக்கு அந்தப் பெயர் போதும், மலைக்குப் போதாது. தமிழ் அப்படிச் சோம்பல் படவில்லை. பட்டையைப் பார்த்துச் சதுரம் என்றது, முறுக்கைப் பார்த்துத் திருகு என்றது, இலையைப் பார்த்து இலைக்கள்ளி என்றது. நம் பக்கத்துச் சொல் லத்தீன் வரைக்கும் போயிருக்கிறது. டச்சுக்காரர் ரீடு கேரளத்துச் செடிகளைப் பற்றி 17-ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ நூலில் திருக்கள்ளி என்ற பெயர் இருந்தது. லின்னேயஸ் அதை அப்படியே எடுத்து ‘யூஃபோர்பியா திருக்கள்ளி’ என்று உலகத்துக்கே பெயர் வைத்துவிட்டார். இவ்வளவு இருந்தும் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘காக்டஸ்’ என்கிறார்கள். கள்ளி என்று சொல்லும்வரை அது வேலியோரத்தில் நிற்கும். காக்டஸ் என்று சொன்னவுடன் அதற்கு ஒரு தொட்டியும் ஒரு விலையும் வந்துவிடுகின்றன.

‘சப்பாத்திக்கள்ளி காக்டஸ்தானே, அது நம் ஊரில் இல்லையா?’ என்று கேட்பீர்கள். உண்டு. நாகதாளி என்றும் சொல்வார்கள். அது அசல் காக்டஸ், ஆனால் வந்தேறி. அது வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செடியை மலையிலிருந்து பெயர்க்கிறவர்களின் கதை அது.

மெக்சிகோவில் இந்தக் கள்ளியில் ஒரு பூச்சி வாழ்கிறது. அதை உலர்த்தி நசுக்கினால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். ஸ்பெயின்காரர்கள் அந்த வியாபாரத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1777-இல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒஹாக்கா வரை போய், ஸ்பெயின் அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி, கள்ளியையும் பூச்சியையும் கரீபியன் தீவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்துக்குக் கடத்திக்கொண்டு வந்தார். அதைப் பற்றி அவர் எழுதியது அவர் இறந்த பிறகு, 1787-இல் புத்தகமாக வந்தது. தாய்நாட்டுக்குச் சேவை செய்த பெருமைதான் அதில் இருக்கிறது, திருடிய கூச்சம் இல்லை.

அதே ஆசை ஆங்கிலேயருக்கும் வந்தது. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கப்பலில் கொண்டுவந்தார். வந்தது மட்டமான வகைப் பூச்சி. சாயம் தேறவில்லை. பூச்சி மட்டும் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அந்தப் பூச்சி தொடாத வேறு வகைச் சப்பாத்திக்கள்ளி வேலியைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, ஊர் ஊராகப் பரவியது. கடைசியில் 1926-இல் அதை ஒழிக்க இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷங்களில் தென் மாவட்டங்களில் புதர் புதராக நின்ற கள்ளி மடிந்தது.

கொண்டுவந்தவர்களிடம் நல்ல காரணம் இருந்தது. அழித்தவர்களிடமும் இருந்தது. ஒரு செடியை அதன் மலையிலிருந்து பெயர்க்கிறவன் கையில் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். இந்தக் கதையில் நமக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பெயர். கள்ளி என்றால் களை, வெட்ட வேண்டியது என்ற எண்ணம். வந்தேறியின் மேல் வந்த கோபம், இங்கேயே பிறந்த சதுரக்கள்ளியின் மேலும் விழுந்தது.

இனி இன்றைய ஆட்களுக்கு வருவோம்.

மதுரையில் எந்த நர்சரிக்குப் போனாலும் உருண்டையாக, தங்க நிற முள்ளோடு ஒரு காக்டஸ் இருக்கும். பிரெஞ்சில் அதை ‘மாமியார் திண்டு’ என்பார்கள். மருமகன் மாமியாரை உட்காரச் சொல்லும் இருக்கை என்று கேலி. உலகம் முழுக்க அது லட்சக்கணக்கில் விதைபோட்டு வளர்க்கப்படுகிறது. ஓட்டல் வாசலில் இருக்கிறது, வங்கியின் வரவேற்பறையில் இருக்கிறது. ஆனால் அது பிறந்த மெக்சிகோ மலைப்பள்ளத்தாக்கில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 1990-களில் அங்கே ஸிமாபான் அணை கட்டியபோது அதன் வாழிடத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. மிச்சத்தைச் சேகரிப்பவர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். தொட்டியில் கொடிகட்டிப் பறக்கிறது, மலையில் விரல்விட்டு எண்ணுகிறார்கள்.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கோப்பியாப்போவா என்று ஒரு காக்டஸ். மழையே இல்லாத ஊரில் கடல் மூடுபனியைக் குடித்து நூறு வருஷம் வாழும். 2020-இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் இப்படிக் கடத்தி வரப்பட்ட செடிகள் ஆயிரத்துக்கும் மேல் பிடிபட்டன. அடுத்த ஆண்டு எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைச் சிலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். கடத்தல்காரர்கள் யாரோ கொள்ளைக்கூட்டம் என்று நினைக்காதீர்கள். செடிமேல் உயிரையே வைத்திருக்கும் ஆட்கள்தான் இதை வாங்குகிறார்கள். மலையில் வளர்ந்த செடிக்குத் தனி மவுசு. வெயிலில் வெந்து, பாறையில் உரசி, வடுப்பட்ட உடம்பு நர்சரிச் செடிக்கு வராது. நான் முன்னே சொன்னதுதான். இடம்தான் அந்த உருவத்தைச் செதுக்குகிறது. அந்த இடத்தின் கையெழுத்துக்காகத்தான் இடத்திலிருந்தே பிடுங்குகிறார்கள்.

2015-இல் உலகின் காக்டஸ் இனங்களை ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டார்கள். 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. விவசாயமும் கால்நடையும் கட்டடமும் காரணங்கள். கூடவே, பிடுங்கி விற்பதும் பெரிய காரணங்களில் ஒன்று.

நம் ஊர்க் களைக்கொத்தி நண்பர்களிடம் இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதல் பதில்: ‘ஒரே ஒரு செடி சார்.’ ஒருவர் ஒன்று எடுத்தால் ஒன்று. ஞாயிறுதோறும் பத்துப் பேர் என்றால் கணக்கு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது மட்டுமில்லை. எடுக்கிறவன் நோஞ்சான் செடியை எடுப்பதில்லை. நன்றாக விளைந்து, கிளைத்து, விதை கொடுக்கும் வயதில் நிற்பதைத்தான் எடுக்கிறான். ஒரு கரட்டில் இருபது கள்ளிமுளையான் இருந்தால் அதில் தாய்ச்செடி நாலோ ஐந்தோதான் இருக்கும். அதில் ஒன்று போனால் போனது ஒன்றா?

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது: ‘குவாரிக்காரன் வெடி வைப்பதற்கு முன்னால் நான் காப்பாற்றுகிறேன்.’ மேலூர் பக்கம் கிரானைட் குவாரிகள் மலைகளைச் சதுரம் சதுரமாக அறுத்துத் தின்றதைப் பார்த்தவன் இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 16,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு இழப்பு என்று 2012-இல் அன்றைய ஆட்சியர் சகாயம் அறிக்கை கொடுத்த ஊர் இது. ஆனாலும் இந்த வாதம் தவறு. மலை நிற்கும்போதே செடியை எடுத்துவிட்டால், மலையைக் காப்பாற்ற இருந்த ஒரு காரணத்தையும் சேர்த்தே எடுக்கிறோம். நாளை ஆய்வுக்கு வருகிறவர் பார்க்கும்போது அங்கே வெறும் பாறைதான் இருக்கும். ‘ஒன்றும் இல்லாத கரடு’ என்று எழுதிவிட்டுப் போவார். மாமியார் திண்டின் கதி இதுதான். தொட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியே மலையைக் கைகழுவலாம்.

மூன்றாவது பதில்: ‘ஆடு மேய்க்கிறவர்கள் தின்கிறார்களே, நாட்டு வைத்தியர் பறிக்கிறாரே, அவர்களைக் கேட்டீர்களா?’ கேட்டிருக்கிறேன். கள்ளிமுளையானைப் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள். புளி, மிளகாய் வைத்துத் துவையலும் அரைப்பார்கள், வாய்க்கசப்புக்கும் பசியின்மைக்கும் நல்லது என்று. ஆனால் நுனியைத்தான் ஒடிப்பார்கள். வேரைத் தொட மாட்டார்கள். அடுத்த மழைக்கும் அதே பாறைக்கு வந்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்போது உடம்பு இளைக்கிற மாத்திரைக்கு இந்தச் செடியின் சாறு வெளிநாட்டில் விற்கிறது. அதற்காகச் சாக்கு சாக்காக அள்ளினால் அதுவும் களைக்கொத்தி வேலைதான், அங்கேயும் இதே சண்டையைப் போடுவேன். ஒடிப்பவனுக்கும் பிடுங்குபவனுக்கும் இருக்கும் வித்தியாசம், திரும்பி வருகிறவனுக்கும் வராதவனுக்கும் இருக்கும் வித்தியாசம்.

செல்போனைப் பற்றிப் பெரிய புகார் இல்லை என்றேன். சின்னப் புகார் ஒன்று இருக்கிறது. படம் எடுங்கள். எந்த மலை, எந்தப் பாறை என்று லொகேஷன் போடாதீர்கள். அரிய உயிரினங்கள் இருக்கும் துல்லியமான இடத்தை வெளியிடுவது அவற்றுக்கே எமனாகிறது என்று 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். விஞ்ஞானிகளே வாயை மூடிக்கொள்ள வேண்டிய காலம் இது. ரீல்ஸ் போடுகிறவர் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இவ்வளவும் பிடுங்குகிறவர்களுக்கு. ஆனால் கள்ளிக்கு அவர்கள் மட்டும் எதிரி இல்லை. அவர்களைவிடப் பெரிய எதிரி ஒரு சொல். அந்தச் சொல்லை என் கையாலேயே ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன், அரசு எழுத்தர் வேலை அது. ‘தரிசு.’

கிராமத்தின் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தீர்வை விதிக்கப்பட்ட தரிசு, தீர்வை விதிக்கப்படாத தரிசு, புறம்போக்கு. புறம்போக்கில் மலை, கரடு, பாறை, கல்லாங்குத்து. வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகப் போட்ட கணக்கு இது. எந்த நிலம் வரி கொடுக்கும், எது கொடுக்காது என்பது மட்டும்தான் அவனுக்குக் கேள்வி. வரி கொடுக்காத நிலத்தில் என்ன உயிர் இருக்கிறது என்று அந்தப் பதிவேட்டில் ஒரு பத்தி கிடையாது. அவன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பத்தி இன்னும் சேர்க்கப்படவில்லை. மத்திய அரசு வெளியிடும் பாழ்நில வரைபடத் தொகுப்பிலும் பாறை நிலம் ஒரு வகைப் பாழ்நிலம்தான்.

இதே நிலத்தை நம் பழைய புலவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? பாலை என்று பெயர் வைத்தார்கள். கொற்றவையைத் தெய்வமாக வைத்தார்கள். பிரிவு என்ற உணர்ச்சியையே அந்த நிலத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். கள்ளிக் காட்டில் பல்லி கத்தும் சத்தம் வரைக்கும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். வறண்ட நிலத்தில் இவ்வளவு பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம், பதிவேட்டில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி முத்திரை குத்துகிறோம்.

எங்கள் மாவட்டத்தில் கள்ளி என்றால் இன்னொரு கசப்பும் உண்டு. 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகள் வெளியே வந்தபோது ‘கள்ளிப்பால்’ என்ற சொல் நாடு முழுக்கப் பரவியது. கொன்றது வரதட்சிணையும் வறுமையும் ஆண்பிள்ளை மோகமும். பெயர் கெட்டது வேலியோரச் செடிக்கு. இன்றைக்கும் கள்ளியை வெட்டினால் ஒரு பாவத்தை வெட்டியது போல நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

களை, பாவம், தரிசு. இப்படி மூன்று பெயரும் சேர்ந்த செடிக்காக யார் பேசுவார்கள்? மரம் நடும் நண்பர்கள்கூடப் பேசுவதில்லை. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கண்மாய்க் கரையில் நடுங்கள், சாலையோரத்தில் நடுங்கள், கும்பிடுகிறேன். ஆனால் கரட்டில் ஏறி, இருக்கும் கள்ளியையும் முட்புதரையும் ‘சுத்தம்’ செய்துவிட்டுக் குழி தோண்டி வேம்பும் புங்கனும் நடுவது பசுமை ஆகாது. முழம் மண் இல்லாத பாறையில் அந்தக் கன்று இரண்டு கோடையைத் தாண்டினால் அதிசயம். கள்ளியோ அங்கேயே இருந்திருக்கும். பாறைப் பிளவில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், ஆடு தின்ன முடியாத முள்ளுக்குள் வேறு செடியின் கன்றுக்கும் இடம் கொடுத்திருக்கும். குடியிருப்பவரைக் காலி செய்துவிட்டு வீடு காலியாக இருக்கிறது என்று சொல்லலாமா?

‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே உதாரணம் அரிட்டாபட்டி. மேலூர் வட்டத்தில் ஏழு குன்றுகள். தமிழ்பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில். 72 ஏரிகள், 200 சுனைகள், 250 வகைப் பறவைகள் என்று பட்டியல் போட்டு, 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் உள்ளே போனது. ஊர் ஊராகக் கூடிப் போராடினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வென்றது மக்களின் கால்கள். சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கால்களுக்குக் கையில் ஒரு காகிதமும் இருந்தது. இங்கே இது இருக்கிறது, இது இருக்கிறது என்று முன்பே எழுதி, அரசு முத்திரை வாங்கிய காகிதம். பாரம்பரியத் தலத்தையே சுரங்கத்துக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்க முடிந்தது. அந்தக் காகிதம் இல்லாத எத்தனையோ கரடுகள் ஒரு கேள்விகூட எழாமல் ஜல்லியாகிவிட்டன.

இப்போது நான் சொன்ன வேலைக்கு வருகிறேன்.

2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். ஊரில் என்ன செடி, என்ன பறவை, என்ன மூலிகை, அதை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். ‘அ’ பதிவேட்டில் இல்லாத பத்தி இங்கே இருக்கிறது. நான் கண்டது: பதிவேட்டில் இல்லாதது அரசாங்கத்துக்கு இல்லவே இல்லை. இருப்பது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், யாராவது ஒருவரைப் பதில் சொல்ல வைக்கும்.

ஆகவே கள்ளி தேடி மலை ஏறுகிறவர்களே, களைக்கொத்தியை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வாருங்கள். செடியின் ஊர்ப்பெயரை அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடமோ விறகு பொறுக்கும் அம்மாவிடமோ கேட்டு எழுதுங்கள். எந்த மாதம் பூத்தது, எத்தனை நின்றது, என்ன பறவை கூடு கட்டியிருந்தது என்று எழுதுங்கள். பிறகு அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்ப் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கேளுங்கள். ‘அப்படி ஒன்று இருக்கா?’ என்று திருப்பிக் கேட்டால் சட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் சொல்லுங்கள். மனு எழுதிக் கொடுத்துக் கையெழுத்தோடு நகல் வாங்குங்கள்.

லொகேஷன் போடாதே என்றவரே எழுதச் சொல்கிறாரே என்று கேட்கலாம். ஊர்ப் பதிவேட்டில் ஊர்க்காரர்களுக்காக எழுதுவது வேறு, உலகத்துக்கே விலாசம் கொடுப்பது வேறு. மலை எது, சர்வே நம்பர் என்ன என்பது பஞ்சாயத்துக்குத் தெரியட்டும். எந்தப் பாறை என்பது ஆட்டுக்காரரோடு நிற்கட்டும்.

சட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட மலையில் செடி பிடுங்குவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். வருவாய்த்துறைக் கரட்டில் அவ்வளவு பாதுகாப்பு கிடையாது. கள்ளிமுளையான் பெரும்பாலும் நிற்பது அந்தக் கரடுகளில்தான். அங்கே அதற்குக் காவல், பதிவேட்டில் ஒரு வரியும் உங்கள் மனசாட்சியும்தான்.

செடி வளர்க்கும் ஆசை இருந்தால் நர்சரியில் விதைபோட்டு வளர்த்ததை வாங்குங்கள். வேலியில் நிற்கும் கள்ளியில் உரிமையாளரைக் கேட்டு ஒரு கிளை ஒடித்து நட்டாலே வேர்விடும். வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண் போய்விடும்.

நாகமலையை ஒட்டிய இரண்டு ஊர்களுக்கும் மேலூர் பக்கத்து ஒரு ஊருக்கும் நானே மனு எழுதியிருக்கிறேன். ஒரு பஞ்சாயத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் நினைவூட்டல் போட்டாகிவிட்டது. மாதம் தவறாமல் போடுவேன். நினைவூட்டல் போடுவது எனக்குச் சர்வீஸ் முழுக்கப் பழகிய வேலை.